நண்பனுக்குப் பாடிய கையறுநிலை

இறந்தவரை நினைத்து எஞ்சியவர் புலம்புவதைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்ற துறையாக வகுத்துள்ளது. தொல்காப்பியம் இதைக் காஞ்சித் திணையில் வைக்கிறது. புறநானூற்றில் இது பொதுவியல் திணையில் வருகிறது.

சகயாத்ரி மலைகளில் மழைக்காலந்தோறும் ஏறித் திரிந்த மும்பை கிங்ஸ் சர்க்கிள் நண்பர் ஒருவர் திடீரென மறைந்தது இக்கட்டுரையாளரை இத்துறையின் வேர் தேடிப் போகவைத்தது. கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்களில் நாள் எண்ணிச் செய்யும் காரியங்கள் மகனுக்கும் பங்காளிக்கும் உரியவை. தீட்டும் உறவினருக்கே. மகாளய பட்சத்தில் நண்பருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பதுண்டு. அதற்கு மேல் நண்பருக்குச் சடங்கில் இடமில்லை. பாட்டில் இருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் அதற்கு மூன்று பெரும் சான்றுகள் உள்ளன. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாதிருந்து, உயிர்விட்டபோது, அதுவரை அவனை நேரில் காணாத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து உடன் உயிர் நீத்தார். பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபின் கபிலர் அவன் மகளிருக்குப் புகலிடம் தேடித் தந்துவிட்டு வடக்கிருந்தார். அப்போது பாடிய 236ஆம் பாட்டில், தன்னை உடன் அழைத்துப் போகவில்லையே என்று இறந்த நண்பனிடமே குறைப்படுகிறார். அவர் தீப்புகுந்ததாகத் திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு வேறு முடிவு கூறுகிறது.

மூன்றாவது, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் பாடியது. தகடூர் இன்றைய தருமபுரி. ஏறுதற்கு அரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குத் தந்தவன் அவன். 235ஆம் பாட்டு ஊழையோ மேலுலகையோ சொல்லி ஆறுதல் தேடுவதில்லை. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தருவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, மகிழ்ந்து உடன் உண்பான் என்று அவன் வாழ்ந்த விதத்தை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அம்பும் வேலும் பாயும் இடத்தில் அவனே முன்னின்றதைச் சொல்கிறது. புலால் நாறும் ஔவையின் தலையை அவன் மணக்கும் கையால் தடவியதைச் சொல்கிறது. அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் சேர்த்தே துளைத்தது என்று முறையிடுகிறது. ஒருவன் சாவு எத்தனை பேர் மேல் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அதியமான் வெறும் கதைத் தலைவன் அல்லன். திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடத்தைக் குறிக்கிறது. அதில் அவனுக்குரிய சதியபுதோ என்ற பட்டம் அசோகர் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரரோடு இணைத்துப் பார்க்கப்படுகிறது.

இத்துறை பின்னர் இரங்கற்பாவாகவும் சரமகவியாகவும் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு என்னும் நினைவு நூலிலும் இறந்தவரின் வாழ்வு பாட்டாகச் சொல்லப்படுகிறது. இவை பெரும்பாலும் உறவினர் வெளியிடுபவை. நண்பனை நண்பனே பாடும் உரிமைக்கு ஔவையும் கபிலருமே முன்னோர்.