ஸ்ரீரங்கத்து நன்னாரி சர்பத்

கத்திரி வெயிலில் திருச்சியில் 40 டிகிரி சர்வசாதாரணம். காந்தி மார்க்கெட் பக்கம் நன்னாரி வேர் வாங்கிக்கொண்டு 1-ஆம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பஸ் முழுக்க அந்த வாசனை!

வேர், சித்திரை வீதியில் சர்பத் பாகு விற்றுக் குடும்பம் நடத்தும் மாமிக்கு. போன கோடையில் பாதி பாட்டில் நுரைத்துப் புளித்துவிட்டதாம். "ஆறவிட்டு ஊத்தினேன், மூடியும் பழசு. பின்னே?" என்றார்.

இந்த வருஷம் முறையே வேறு. வேரின் நடுத்தண்டை நீக்கி, நசுக்கி, ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறல். வடித்த சாறு 1 லிட்டருக்கு 2 கிலோ சர்க்கரை. சர்க்கரை பூக்காமலிருக்க எலுமிச்சை. கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி பாட்டிலில், கொதிக்கக் கொதிக்க, கழுத்துவரை ஊற்றுகிறார். விளிம்பைத் துடைப்பதுதான் முக்கியம். ஒரு சொட்டுப் பாகு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. உள்ளே ரப்பர் பூச்சுள்ள புதுத் தகர மூடியைத் திருகி, 2 நிமிஷம் கவிழ்க்கிறார். அந்தச் சூட்டில் மூடியின் உட்புறமும் சுத்தமாகிவிடும்.

ஆறினதும் மூடியின் நடுவே லேசாகக் குழியும். அமுக்கினால் 'டொக்'கென்று சத்தம் வரக்கூடாது. வந்தால் அது விற்பனைக்கில்லை, ஃப்ரிட்ஜுக்கு.

அன்றைக்கு ஒரே ஒரு பாட்டில் 'டொக்'கென்றது. எனக்கு சர்பத் அதிலிருந்துதான்!