குதிகாலில் பத்தடி

வித்துரா பஸ் ஸ்டாண்டில் போணக்காடு வண்டி வந்து நின்றால் இன்றும் கழுத்து தானாகத் திரும்புகிறது. ஏறி உட்கார்ந்தால் போதும். உட்காருவதுதான் இப்போது முடியாத காரியம். இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி, இடது கால் முழுக்கக் காய்ச்சிய கம்பி இழுத்தாற்போல் வலி. ஒன்பது வாரம் ஆயிற்று.

போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து கிள்ளினாள். சாக்கைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு ஏறுவாள். முதுகு வலிக்கிறதென்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருப்பாள், என் காதில் விழுந்திருக்காது. தேயிலை ஆலை ஓய்ந்ததும் கீழே வந்துவிட்டோம்.

லயத்துத் திண்ணையில் நுனிக்காலில் எம்பி நின்றால், மஞ்சு விலகிய காலைகளில் அகத்தியர் மலை தெரியும். உயரம் 1,868 மீட்டர். தமிழ் முனிவர் வீற்றிருக்கும் அந்த உச்சிக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் ஆண்கள் போவார்கள். முதல் நாள் அதிருமலை, மறுநாள் உச்சி. முட்டிடிச்சான் தேரி என்று ஓர் ஏற்றம் உண்டு, பேரே போதும். பெண்களுக்கு அப்போது பாஸ் கிடையாது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். நான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு ஒரே பேச்சு: "கத்தி வைக்கண்டா." உழிச்சலுக்கு, அதாவது உருவிவிட, ஆள்கூட பார்த்துவிட்டார். திருவனந்தபுரத்து டாக்டர் அவசரப்படுத்தவில்லை. நெதர்லாந்தில் என்னைப் போன்ற 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்களாம். 2007-இல் முடிவு வெளியானது. சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகத் தீர்ந்தது. காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பிறகு அறுவை மேஜைக்கு வந்தார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலை. "ஆக, எத்தனை நாள் உங்களால் தாங்க முடியும் என்பதுதான் கேள்வி" என்றார். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ மட்டும் அன்றைக்கே ஓடி வரச் சொன்னார். அங்கே யோசனைக்கு இடமில்லை.

"வலி போனதும் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"போணக்காடு போகணும் சார்."

"அதுக்குத்தான் பஸ் இருக்கே!"

சிரித்து வைத்தேன். மலையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஐம்பத்திரண்டு வயதில்.

இன்னும் மூன்று வாரம் பார்ப்பதென்று முடிவு. காலையில் எழுந்ததும் அடுக்களைச் சுவரைப் பிடித்துக் குதிகாலில் பத்தடி நடக்கிறேன்; பாதத்தில் பலம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சொன்ன சோதனை. பிறகு நுனிக்காலில் பத்தடி. அப்போது ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது மட்டும் அவர் சொல்லாதது.