மார்க் ஷீட்டில் இல்லாத மார்க்

மார்ச் கடைசி வாரத்தில் உங்கள் பேங்க் மேனேஜர் போன் செய்து, "சார், ஒரு ரெண்டு லட்சம் டெபாசிட் போடுங்களேன். ஏப்ரல்ல எடுத்துக்கலாம்" என்று கெஞ்சியிருக்கிறாரா? கோபப்படாதீர்கள். அவருக்கு அது பரீட்சை நேரம்.

31 வருடங்கள் வங்கியில் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். கிளைகளுக்கும் மார்க் ஷீட் உண்டு. டெபாசிட் எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி என்று கட்டம் கட்டமாக இருக்கும். சேமிப்புக் கணக்கிலும் நடப்புக் கணக்கிலும் இருக்கும் பணத்துக்குத் தனி மவுசு. 'காசா' என்போம். அதற்கு வங்கி கொடுக்கும் வட்டி குறைவு, லாபம் அதிகம். கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றுவிட்டால் வாராக்கடன். மார்க் குறையும்.

இதெல்லாம் தேவைதான். ஊர்ப் பணத்தை வைத்து நடத்தும் தொழிலில் கணக்குப் பார்க்காமல் எப்படி? மார்க்குக்காக மட்டுமே ஓட ஆரம்பிக்கும்போதுதான் வினை. ஜன் தன் கணக்குகளில் இருப்பு பூஜ்ஜியம் என்று காட்டக் கூடாது என்பதற்காக, சில கிளைகளில் ஊழியர்களே ஒரு ரூபாய் போட்டு வைத்ததாக 2016-ல் செய்தி வந்தது. அதே வருடம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். டார்கெட் நெருக்கடியில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்திருந்தார்கள்.

எங்கள் கிளைக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. தினமும் மாலை 5 மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். "இன்னிக்கு எத்தனை பாலிசி மேடம்?" அந்த வாரம் முழுக்க என் பதில் பூஜ்ஜியம். அப்போதுதான் 71 வயது ரிட்டயர்டு டீச்சர் ஒருவரின் 6 லட்ச ரூபாய் டெபாசிட் முதிர்ந்தது. மூட்டு ஆபரேஷனுக்காக அவர் சேர்த்த பணம்.

"டெபாசிட் மாதிரிதான்னு சொன்னா கையெழுத்துப் போட்டுடுவாங்க மேடம்" என்றான், பதவி உயர்வுக்குக் காத்திருந்த என் ஜூனியர். அந்தப் பாலிசியில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். 5 வருடங்களுக்குக் கையில் எடுக்க முடியாது. ஆபரேஷனுக்கு டீச்சர் எங்கே போவார்?

"டெபாசிட்டையே புதுப்பிச்சுக் கொடுப்பா" என்றேன்.

அந்தக் காலாண்டில் எங்கள் கிளை கடைசிக்கு முந்தைய இடம். மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அந்தப் பையனுக்கும் அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நாலு மாதம் கழித்து, ஆபரேஷன் முடிந்து டீச்சர் வாக்கர் பிடித்தபடி கவுன்ட்டருக்கு வந்தார். அதற்கு எந்தக் கட்டத்திலும் மார்க் கிடையாது.

என்னைக் கேட்டால், எத்தனை பாலிசி விற்றார்கள் என்பதைவிட, இரண்டாவது வருடமும் எத்தனை பேர் பிரீமியம் கட்டினார்கள் என்று பார்த்து மார்க் போட வேண்டும். ஏமாந்து வாங்கியவர் இரண்டாவது வருடம் கட்ட மாட்டார்.

அது மாறும்வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். வங்கியில் எதையாவது நீட்டினால் கேளுங்கள்: இது டெபாசிட்டா, பாலிசியா? ஒருமுறை கட்டினால் போதுமா? நடுவில் எடுக்கலாமா? பாலிசியை வாங்கிவிட்டாலும், பத்திரம் கையில் கிடைத்த 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம்.

உங்கள் மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், மாலை 5 மணிக்கு அவருக்கும் போன் வரும்.