தலைக்கட்டு வரியும் மானியக் கோரிக்கையும்

வரவு செலவுத் திட்டம் என்றதும் நம்மில் பலர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எண்களைக் கண்டால் அலுப்பு. வணிகவியல் மாணவனாகிய எனக்கோ எண்கள்மீது தனிப் பற்று உண்டு. பல கோடிகள் ஓடும் அந்த ஏடுகளில், மூன்றாண்டுகளாக என் மனத்தை ஈர்த்துவரும் செலவு ஒன்று இருக்கிறது. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழர்களுக்காக நம் அரசு செய்யும் செலவே அது. துறைமங்கலம் முகாமிலிருந்து வரும் என் நண்பன் குரும்பலூர்ப் பேருந்தில் நாள்தோறும் என் அருகில் அமர்ந்து வருகிறான் என்பது இந்த ஈடுபாட்டுக்கு ஒரு காரணம்.

அரசின் செலவை யார் கேட்பது? எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் மாரியம்மன் திருவிழா முடிந்த சில நாட்களில் ஊர் கூடும். பெரியவர் ஒருவர் நோட்டைப் பிரித்துக் கணக்குப் படிப்பார். தலைக்கட்டு வரி கொடுத்தவர் எவரும் எழுந்து, “பந்தலுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கலாம். பதில் சொல்லியே ஆகவேண்டும். சட்டமன்றமும் அத்தகைய ஊர்க்கூட்டம்தான். அரசியலமைப்பின் 203-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையுடன் அவையின்முன் வந்து நிற்கவேண்டும். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். செலவு முடிந்தபின் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 151-ஆம் பிரிவின்படி அவைக்கு வரும்; பொதுக் கணக்குக் குழு அதனை ஆராயும். முகாம் நிவாரணச் செலவை மாநில அரசு முதலில் செய்து, பின்னர் மத்திய அரசிடமிருந்து திரும்பப் பெறுவதால், இக்கணக்கைக் கேட்கும் கடமை நாடாளுமன்றத்திற்கும் உண்டு.

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் தொடங்கிய வருகை பல அலைகளாக நீடித்தது. மொத்தம் 3,04,269 பேர் தமிழகம் வந்தனர் என்பது அரசுக் கணக்கு. பலர் திரும்பினர், பலர் தங்கினர். 2021-இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி, முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வெளியில் 34,087 பேரும் வாழ்ந்தனர். சில நாட்களுக்கென எழுப்பிய குடிசைகளில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, திருமணமும் முடித்துவிட்டது. ஏட்டில் மட்டும் அது ‘நிவாரணம்’ என்னும் தற்காலிகச் செலவாகவே நின்றது.

2021 ஆகஸ்டு 27 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவையில் 317 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட அதில் 231 கோடியே 54 இலட்சம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றிருந்த உதவித்தொகை 1,500 ஆயிற்று. கலை அறிவியல் மாணவருக்கான கல்வி உதவி 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆயிற்று. மறுநாள் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. நெஞ்சம் குளிரும் செய்தி அன்றோ?

ஆயினும் மாணவன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த அறிவிப்பு 110-ஆம் விதியின்கீழ் வந்தது. அவ்விதிப்படி அறிவிப்பு நேரத்தில் விவாதம் இல்லை. நல்ல திட்டத்திற்கு விவாதம் எதற்கு எனலாம். நல்ல திட்டத்திற்குத்தான் அது மிகுதியாக வேண்டும். எத்தனை வீடு முடிந்தது, எத்தனை நிற்கிறது, தாமதம் ஏன் என்று பின்னாளில் கேட்பவர் இருந்தால்தான் அறிவித்த வீட்டுக்குக் கூரை வரும்.

இதை நண்பனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“உங்க ஊர்ல வரி குடுத்தவங்க கேக்கலாம்னு சொல்ற. எங்கப்பா பெயிண்ட் வேலைக்குப் போறார்; வண்டிக்குப் பெட்ரோல் போடுறார். வரியைக் கழிச்சுக்கிட்டா குடுக்குறாங்க? நாங்களும் குடுக்குறோம். கேக்கத்தான் முடியாது.”

அவன் சொன்னது முழு உண்மை. சோப்பு முதல் கைப்பேசி வரை வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் முகாம்வாசி வரி செலுத்துகிறார். ஆனால் அவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவருக்குத் தொகுதி உறுப்பினர் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. தலைக்கட்டு வரி வாங்கிக்கொண்டு, கணக்குப் படிக்கும்போது மட்டும் வெளியே நிற்கச் சொல்லும் ஊர் உண்டா?

கடல் கடந்து பிரிட்டனைப் பார்ப்போம். 1861-இலேயே பொதுக் கணக்குக் குழு கண்ட நாடு அது. புகலிடம் கேட்டு வந்தோரைத் தங்கவைக்கும் பத்தாண்டு ஒப்பந்தங்களுக்கு 450 கோடி பவுன் ஆகும் என முதலில் மதிப்பிட்டனர்; அது 1,530 கோடியைத் தொடும் என அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 மே மாதம் தெரிவித்தது. தங்கவைக்கப்பட்டோரில் நூற்றுக்கு 35 பேரே விடுதிகளில் இருந்தனர். செலவில் 76 விழுக்காடு அவ்விடுதிகளுக்கே போயிற்று. தணிக்கை இல்லையேல் பழி முழுவதும் வந்தவன் தலையில் விழுந்திருக்கும். பணம் போன வழியைக் காட்டியது கணக்கே. கேள்வி என்பது கஞ்சத்தனம் அன்று. எளியவனுக்கு அது கேடயமும் ஆகும்.

நம் தணிக்கை, ஒதுக்கிய ரூபாய் விதிப்படி செலவாயிற்றா என்று கேட்கிறது. நாற்பதாண்டாக ஒரு செலவு தற்காலிகமாகவே இருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை கணக்கேட்டில் இல்லை; குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1987 சூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். பின்னர் பிறந்தோருக்குச் சட்டம் இறுகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் நீதிமன்றம் சென்றார். அவர் பிறப்பால் இந்தியரே என 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. 2024 ஏப்ரலில் திருச்சியில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். நாற்பதாண்டு உதவித்தொகை தராத ஒன்றை அந்த ஒரு விரல் மை தந்தது. அன்று முதல் அவர் கேட்கக்கூடியவர் ஆனார்.

என் நண்பன் 2005-இல் பிறந்தவன். அந்தத் தீர்ப்பு அவனுக்குப் பொருந்தாது. எனக்கோ பதினெட்டு நிரம்பியதும் வாக்காளர் அட்டை வந்துவிட்டது. நான் எந்தத் தேர்விலும் வென்று அதைப் பெறவில்லை. நண்பர்களே, நம்மில் பெரும்பாலோரிடம் அந்த அட்டை இருக்கிறது. மறுவாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் தமிழிலேயே வெளிவருகிறது. அதனை எடுத்துப் படிப்போம். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்கும் அதே வாயால், துறைமங்கலத்துக் கணக்கையும் கேட்போம். கேட்க முடியாதவனின் கேள்வி, கேட்க முடிந்தவனின் கடன்.