எண்பத்து நான்கில் ஒருவர்

மோட்டார் வாகனத் தொழிலின் வரலாற்றில் 1913 ஒரு திருப்புமுனை. அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஹென்றி ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனை நிறுவிய ஆண்டு அது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க ஆன 12½ மணி நேரம், அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடங்களாகக் குறைந்தது. இந்தக் கணக்கைப் பலரும் அறிவர். அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கை, 1922இல் வெளிவந்த தன் நூலில் ஃபோர்டே தருகிறார். முன்பு ஒரே தொழிலாளி செய்துவந்த என்ஜின் பூட்டும் வேலை 84 செயல்களாகப் பிரிக்கப்பட்டது. அந்த 84 பேரும் சேர்ந்து, முன்பு அவர்களைப்போல் மூன்று மடங்கு ஆட்கள் செய்த வேலையைச் செய்தார்கள். உற்பத்தி பெருகியது. ஆனால் ஒருவர் கையில் முழுமையாக இருந்த அறிவு 84 துண்டுகளாகச் சிதறியதை எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவதில்லை.

அந்த 84 பேரில் ஒருவரைப் புனேயில் காணலாம். பிம்பிரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி, சாகன் என நீளும் தொழிற்பட்டையில் மோட்டார் வாகனத்தோடு தொடர்பில்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கடினம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த அவர், அங்குள்ள ஓர் ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. என்ஜின் வரிசையில் அவருக்கு ஒரே வேலை: ஃபிளைவீல் போல்ட்டுகளை முடுக்குவது. என்ஜின் நகர்ந்து வரும். கருவியை வைத்து அழுத்த வேண்டும். முறுக்கு சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். என்ஜின் நகர்ந்து போகும். அது எங்கே போகிறது, அந்த ஃபிளைவீலின் மேல் அடுத்து எது வந்து உட்காருகிறது என்பதெல்லாம் அவருக்குப் பாடநூல் படங்களாக மட்டுமே தெரியும்.

அவர் பழைய மாருதி 800 ஒன்றை வைத்திருந்தார். 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனையாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற அந்தச் சிறிய கார், இந்திய நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் கார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஊருக்குப் புறப்பட்ட ஒரு மே மாதத்தில், சாத்தாராவுக்கு முன்னால் வரும் கம்பாட்கி கணவாய் ஏற்றத்தில் தண்ணீர் வற்றி என்ஜின் இறுகிப்போனது. பட்டறையில் சொன்ன தொகை காரின் சந்தை விலையை நெருங்கியது. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் மனைவி. விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த அதே வகை என்ஜினைப் பில்லோடு வாங்கி வந்து, தானே மாற்றிவிடுவதாக அவர் சொன்னார். சொன்னபோது அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்பது வேறு கேள்வி. ஒன்பது ஆண்டுகள் என்ஜின் ஆலையில் வேலை செய்தவர், தெரியாது என்று வீட்டில் எப்படிச் சொல்வார்?

பிம்பிரி-சிஞ்ச்வட் ஆலைகள் பலவற்றில் வார விடுமுறை வியாழக்கிழமை. ஒரு வியாழனன்று, திகியில் உள்ள வாடகை வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. ஜூனா பஜாரில் வாங்கிய பழைய ஸ்பேனர்கள், மூன்று இரும்புக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலி, அதில் தொங்கும் செயின் கப்பி. துணைக்குப் பக்கத்து வீட்டு மராத்தியப் பெரியவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர். இவர் அவரைக் காகா என்பார். அவர் இவரை அண்ணா என்பார். புனேயில் தெற்கிலிருந்து வந்தவர்கள் பலரும் வயது வேறுபாடின்றி அண்ணாதான்.

கப்பி என்ற சொல் இருவருக்கும் பொது. மராத்தியிலும் அது கப்பியே. இன்னொரு பொதுமையும் கவனிக்கத்தக்கது. காரிலிருந்து என்ஜினைச் சங்கிலியால் மேலே தூக்கித்தான் எடுக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு மெக்கானிக் ‘என்ஜினை இறக்கணும்’ என்கிறார். மராத்தியிலும் ‘உதரவணே’ என்கிறார்கள், அதாவது இறக்குவது. வண்டியிலிருந்து எதை எடுத்தாலும் அது இறக்குதல்; சுமை ஏறி இறங்கிய மாட்டுவண்டிக் காலத்தின் பார்வை இரு மொழிகளிலும் இன்னும் இருக்கிறது.

பேட்டரி இணைப்பைக் கழற்றினார்கள். தண்ணீரையும் ஆயிலையும் வடித்தார்கள். பெட்ரோல் குழாயில் துணி சுற்றி, மெல்லத் தளர்த்தி அழுத்தத்தைப் போக்கினார்கள். கழற்றிய ஒவ்வொரு வயர் முனையிலும், ஒவ்வொரு ஹோஸிலும் காகிதப் பட்டை ஒட்டி எழுதினார்கள். இவர் எழுதியவை தமிழில், காகா எழுதியவை மராத்தியில். ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எனக் கழற்றி முடித்து, கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மாலைக்குள் பழைய என்ஜினை இறக்கிவிட்டார்கள்.

அடுத்த வியாழன் புதிய என்ஜினின் ஃபிளைவீலைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் மலிவான பொருள். ஆனால் பின்னாளில் அது கசிந்தால் மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். சீலை மாற்றியபின் ஃபிளைவீலைத் திரும்பப் பூட்டும் கட்டம் வந்தது. ஆலையில் அதைப் பிடித்துக்கொள்ளத் தனி அமைப்பு உண்டு. இங்கே காகா அதன் பற்களுக்கிடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக அவர் முடுக்கினார். பிறகு கையை எடுக்காமல் சிறிது நேரம் நின்றார். பச்சை விளக்குக்காகக் காத்திருந்தது அந்தக் கை. இங்கே சரி என்று சொல்ல எந்த விளக்கும் இல்லை. இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றையும் மீண்டும் சோதித்தபின், சரி என்று அவரே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. கிளட்ச் தட்டைப் பொருத்தி, என்ஜினை மெல்ல இறக்கி, கியர்பாக்ஸை நோக்கித் தள்ளினார்கள். ஒரு விரலளவு இடைவெளியில் அது நின்றுவிட்டது. முதன்முறை செய்பவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. போல்ட்டுகள் எட்டுகின்றன, அவற்றை முடுக்கினால் இடைவெளி மூடிவிடும் என்று தோன்றும். ஒன்பது ஆண்டுகள் முடுக்கிப் பழகிய கை ஸ்பேனரை எடுத்தது. “தாம்ப், அண்ணா. ஜோர் நக்கோ” என்றார் காகா. நில், பலம் வேண்டாம். முடுக்கியிருந்தால் அலுமினிய உறை விரிசல் விட்டிருக்கும்.

கியர்பாக்ஸிலிருந்து நீளும் தண்டு, கிளட்ச் தட்டின் நடுவிலுள்ள பல்வரிசைத் துளைக்குள் நுழைய வேண்டும். தட்டு மையத்திலிருந்து சற்றே விலகியிருந்தாலும் தண்டு நுழையாது. என்ஜினைத் திரும்ப வெளியே எடுத்தார்கள். துளைக்கு ஏற்பச் சீவிய மரத்தண்டு ஒன்றைச் செருகித் தட்டை மையப்படுத்தி, கிளட்ச் உறையை மீண்டும் முடுக்கினார்கள். இம்முறை அவர் தள்ளவில்லை. கிராங்கைச் சிறிது திருப்பியபடி என்ஜினைக் கையால் இலேசாக ஆட்டினார். இரண்டு உறைகளும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. தான் ஒன்பது ஆண்டுகளாக அனுப்பிவைத்த ஃபிளைவீல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அவருடைய கை முதன்முறையாக உணர்ந்தது அப்போதுதான்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை என்ஜினைச் சுழலவிட்டார்கள். பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருப்பியபோது மூன்றாம் முயற்சியில் உயிர் வந்தது. ஒரு ஹோஸ் கிளிப்பில் தண்ணீர் கசிந்தது, முடுக்கியதும் நின்றது.

சட்டத்தின் வேலை தனி. காரின் அடையாளம் சேஸிஸ் எண். என்ஜின் எண் மாறினால் பதிவுச் சான்றிதழிலும் மாற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மாற்றத்துக்கு முன் ஒப்புதல் வேண்டும். மாற்றியபின் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. அதே வகை என்ஜினும் பில்லும் முன்கூட்டிய விண்ணப்பமும் இருந்ததால் அவருக்குச் சிக்கல் எழவில்லை. புதிய எண் ஏறியது.

மின்வாகனங்கள் பெருகும் காலத்தில், ஃபிளைவீல் போல்ட் முடுக்குபவரின் ஒப்பந்தம் எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. மின்மோட்டாருக்குக் கிளட்ச் தேவையில்லை. அந்தப் போல்ட்டுகளும் தேவையில்லை. அவர் இப்போது வேறு சில இடங்களுக்கும் விண்ணப்பிக்கிறார். அனுபவச் சான்றிதழில் ஆலை குறிப்பது ஒரே ஒரு பணிநிலையத்தை மட்டுமே. அதற்குக் கீழே, தன் விண்ணப்பத்தில், அவர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்க்கிறார்: என்ஜின் இறக்கி ஏற்றத் தெரியும்.