அதே கார்... வேறு மூளை!

"திருவண்ணாமலை போகிறேன்" என்றால் உடனே "கிரிவலமா ஸார்?" என்பீர்கள். இல்லை. இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை. சின்னக் குன்று, மேலே ஸ்ரீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமை போனால் படியில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது சாதாரண புதன்கிழமை.

ஓட்டியவன் ராஜபாளையத்தில் மில் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன். வண்டி, வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. எஞ்சின் என்னவோ 1.2 லிட்டர்தான். டர்போ புண்ணியத்தில் 105 குதிரை. 2022-ல் போலோ விற்பனையே இந்தியாவில் நின்றுவிட்டது. வைத்திருப்பவர்கள் அதைக் குலதெய்வம் மாதிரி கும்பிடுகிறார்கள்.

ராஜபாளையம் தாண்டியதும் இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. அழகாக ரசித்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு வைக்கோல் லாரி. நண்பன் லேசாகத்தான் மிதித்தான். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. லாரி, கண்ணாடியில் புள்ளி!

"என்ன மாப்ள, எஞ்சினையே மாத்திட்டியா?"

"ஒரு நட்டைக்கூடத் தொடலை. ரீமேப்!"

சைலன்சர் அதே, ஏர் ஃபில்டர் அதே, டர்போவும் அதே. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா? அதில் இருக்கும் கணக்கை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்கு 'ஸ்டேஜ் ஒன்' என்று பெயராம்.

நான் பி.காம். எனக்குப் புரிந்தது இதுதான்: கம்பெனிக்காரன் ரிசர்வ் ஃபண்ட் வைக்கிறான். மட்டமான பெட்ரோல், ராஜஸ்தான் வெயில், புகைச் சட்டம், சர்வீஸுக்கே போகாத புண்ணியவான் எல்லாரையும் மனதில் வைத்து எஞ்சினை அடக்கி வாசிக்க விடுகிறான். சில சமயம் வியாபாரக் காரணமும் உண்டு. ஹூண்டாய் ஒரே 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினை வென்யூவில் 120 குதிரையாகவும் ஆராவில் 100 குதிரையாகவும் விற்றதே! ரீமேப் செய்கிறவர் அந்த ரிசர்விலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார். சும்மா வந்த வருமானம் இல்லை ஸார்.

எவ்வளவு எடுக்கலாம்? இந்த போலோவின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரை தாங்கும் என்பது கணக்கு. எஞ்சின் பிறவியில் தருவது 175. "230-ஐத் தாண்டாதீங்கன்னு கறாரா சொல்லிட்டேன்" என்றான். மில் அக்கவுன்ட்ஸ் புத்தி! அதையும் தாண்ட ஆசைப்பட்டால் கிளட்ச் வழுக்கும். அந்த பில் சம்பளத்தில் அடங்காது.

பெட்ரோல் விஷயம் இன்னும் வேடிக்கை. சில ரீமேப்புகள் 95 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதப்பட்டவை. பங்க்கில் அப்போது சாதாரணமாகக் கிடைத்தது 91. அதை ஊற்றினால் எஞ்சின் 'டக டக' என்று தட்ட ஆரம்பிக்கும். சென்சார் அதைக் கேட்டுவிட்டுத் தீப்பொறியைத் தள்ளிப்போடும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் லாயத்துக்குத் திரும்பிவிடும். அதனால் இவன் 91-க்கென்றே கேட்டு எழுதி வாங்கியிருக்கிறான். நாலைந்து குதிரை குறைவு, தூக்கம் அதிகம்.

ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் வேகம் தானாகக் குறைந்தது. ஊருக்குள் ஆட்டோ, ஆடு, டவுன் பஸ். எத்தனை குதிரை இருந்தாலும் இங்கே இரண்டாவது கியர்தான். திருவண்ணாமலைக்குப் போய், மூச்சு வாங்கப் படியேறி, சேவித்துவிட்டு இறங்கினோம். என் எஞ்சினுக்கு இன்னும் ரீமேப் வரவில்லை!

திரும்பும்போது பால்கோவா கடை. "வாரன்ட்டி?" என்று கேட்டேன்.

"முடிஞ்சப்புறம்தான் செஞ்சேன். ஒரிஜினல் ஃபைல் பென் டிரைவில பத்திரமா இருக்கு. வண்டியை விக்கிற அன்னிக்கு அதைத் திரும்ப ஏத்திடுவேன்."

"இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொன்னியா?"

"..."

"சரி, வாங்கப்போறவன்கிட்டயாவது சொல்லுவியா?"

பயல் பதில் சொல்லவில்லை. பால்கோவாவை ஒரு விள்ளல் எடுத்து என் வாயில் திணித்தான்.