பன்றிநெல்லுக்கும் அதே காற்று

மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறாகிக் கடலில் விழும் இந்தப் பக்கத்தில் வேளாண்மை என்றால் பெரும்பாலும் விதைப்புத்தான், நாற்று நடுகை குறைவு. நெல்லும் புல்லும் ஒரே ஈரத்தில், ஒன்றாகவே முளைக்கின்றன. நட்ட பயிருக்குக் கிடைக்கும் முந்துகை விதைத்த பயிருக்கு இல்லை. களைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

*

1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் காபனீரொட்சைட்டு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இலைக்கு அது உணவு. ஆனால் வரம்புக்குள் நிற்கும் எல்லாமே அதைச் சாப்பிடுகின்றன. உரத்தை நெல்லுக்குப் பார்த்து வீசலாம், காற்றை அப்படி வீச முடியாது.

*

ஒளித்தொகுப்பில் நெல் மூன்று காபன் (C3) வகை. வாயு கூடினால் அதற்கு ஆதாயம். பல கோரைகளும் குதிரைவாலி இனத்துப் புற்களும் நான்கு காபன் (C4) வகை. வாயுவை இலைக்குள் செறிவாக்கும் வழி அவற்றிடம் முன்பே இருப்பதால், புதிதாகக் கிடைப்பது கொஞ்சம்தான். சீனாவில் திறந்த வயலில் 200 பங்கு கூட்டிப் பார்த்தபோது நெல்லே முந்தியது.

ஆனால் 1996இல் பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில் வாயுவோடு பகல் வெப்பத்தையும் 37 பாகைக்கு உயர்த்தினார்கள். அங்கே புல் மேலே வந்தது. சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களை நினைத்தால் எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான் பயம் தருகிறது.

*

பெரிய கவலை பன்றிநெல் எனப்படும் களைநெல். 1990களின் தொடக்கத்தில் அம்பாறைப் பக்கம் கண்டறியப்பட்டது, பிறகு நாடெங்கும் பரவியது. நெல்லின் சொந்த இனம், அதுவும் மூன்று காபன் வகை. நெல்லைக் காப்பாற்றும் புல்லெண்ணெய் இதையும் காப்பாற்றிவிடும். வெட்டுக்கு முன்பே மணியை உதிர்த்துவிடும், உதிர்ந்த மணி மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

லூயிஸ் சிஸ்கா என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் 300, 400, 500 பங்குகளில் பயிர்நெல்லையும் களைநெல்லையும் சேர்த்து வளர்த்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது: வாயு ஏற ஏறக் களைநெல்லே கூடுதலாக வளர்ந்தது, கூடுதலாக மணியும் வைத்தது. எனக்கு இதில் வியப்பில்லை. பயிர்நெல்லைக் குட்டையாக, ஒரே சீராக நாமே தெரிந்தெடுத்தோம். களைநெல்லை யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. புதிதாக எது கிடைத்தாலும் கிளைத்து வாங்கிக்கொள்ளும் பல்வகைமை அதனிடம் அப்படியே இருக்கிறது.

*

காலநிலை மாற்றம் என்றால் இங்கே வெள்ளமும் வரட்சியும்தான் பேச்சு. அவை கண்ணுக்குத் தெரிகின்றன, காற்றில் ஏறும் வாயு தெரிவதில்லை.

*

செய்யக்கூடியவை பழைய வேலைகளே. கலப்பில்லாத விதைநெல். முதல் உழவில் களையை முளைக்கவிட்டு, இடைவெளி கொடுத்து மறு உழவில் மடக்குவது. பிறகு தண்ணீர் கட்டுவது. வெட்டு மெசினை அடுத்த வயலில் இறக்குமுன் உள்ளே தங்கிய மணியைத் தட்டித் துப்புரவாக்குவது. இடைவெளிக்கு நாள் வேண்டும், கட்டுவதற்கு வாய்க்கால் கடைசி வரை தண்ணீர் வர வேண்டும். மழை பிந்தினால் இரண்டுமே போய்விடும். அதனால் கடைமடை வயலுக்கு நேரத்தோடு தண்ணீர் விடுவதைப் போகக் கூட்டத்தில் களைத் தடுப்பாகவும் எழுதிவைக்கக் கேட்க வேண்டும்.